ஏரிக்கரையில் கூடாரம் போடும் முன்: முகாமிடம் தேர்வு செய்யும் பாடம்

விடுமுறை நெருங்கிவிட்டால் எல்லாக் கிளையிலும் ஒரே பேச்சுதான்: முகாம் எங்கே? இந்த முறை எங்கள் கிளையில் ஏரிக்கரை என்று முடிவாகிவிட்டது. நான் கட்டுமானப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். அந்த ஒரே காரணத்துக்காக, இடம் பார்க்கும் வேலையைச் செயலவை என் தலையில் கட்டியது. அப்படிப் பார்த்தபோது கற்றதையும், வகுப்பில் படித்ததையும் சேர்த்து இந்தப் பாடத்தை எழுதுகிறேன். உங்கள் கிளைக்கும் பயன்படலாம்.

எங்கள் குழு கலப்புக் குழு. இளைஞர்களும் சிறுவர்களும் கூடாரத்தில். இரண்டு குடும்பங்கள் மட்டும் கேம்பர்வேன் வாடகைக்கு எடுத்து வருகிறார்கள். அதில் ஒரு வேனில் எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவரும் வருகிறார். பேரப்பிள்ளைகளோடு நானும் வருவேன் என்று பிடிவாதம். ஆக, கூடாரத்துக்கும் சரிப்பட்டு வரணும், வேனுக்கும் சரிப்பட்டு வரணும். இரண்டுக்கும் தேவைப்படும் தரை வேற வேற என்பது போய் நின்று பார்த்தால்தான் தெரியும்.

பொதுவாக நாம் எப்படி இடம் தேர்வு செய்கிறோம்? வாட்ஸ்அப்பில் நாலு படம் வரும். காலை வெயில், கண்ணாடி மாதிரி தண்ணீர், ஓரத்தில் ஒரு கூடாரம். "சூப்பர்லா, புக் பண்ணிடலாம்" என்று எல்லாரும் கட்டை விரலைத் தூக்குவோம். அந்தப் படத்தில் இருப்பது காலை பத்து மணி. நாம் அங்கே தூங்கப் போவது ராத்திரி மூன்று மணிக்கு, ஒருவேளை மழையில். அந்த மூன்று மணியை மனசில் வைத்துக்கொண்டுதான் இடத்தைப் பார்க்கணும்.

எந்த ஏரி, எந்த மாதம்

தீபகற்ப மலேசியாவில் நாம் முகாமுக்குப் போகும் பெரிய ஏரிகள் இரண்டு வகை. திரெங்கானுவின் கென்யிர், பேராக்கின் தெமெங்கோர் இரண்டும் நீர்மின் அணை கட்டியதால் உருவானவை. கென்யிர் அணை 1985-ல் முடிந்தது. சுமார் 260 சதுர கிலோமீட்டர் தண்ணீர். அதில் தெரிகிற முந்நூற்றுச் சொச்சத் தீவுகளும் ஒரு காலத்தில் குன்றுகளின் உச்சி. பகாங்கில் இருக்கும் தாசிக் பெராவும் தாசிக் சினியும் இயற்கை ஏரிகள். சினி ஏரி ஒரு சிற்றாறு வழியாகப் பகாங் ஆற்றோடு சேர்கிறது. பகாங் ஆறு பெருகினால் தண்ணீர் திரும்பி ஏரிக்குள்ளேயே வரும். அதாவது, ஏரிக்கரையில் ஒரு துளி மழை பெய்யாவிட்டாலும், எங்கோ பெய்த மழைக்கு இங்கே நீர்மட்டம் ஏறலாம். அணை ஏரியிலும் அதே கதைதான். மேலே காட்டில் பெய்யும் மழையும், மின்சாரத்துக்காகத் திறந்துவிடும் தண்ணீரும்தான் கரை எங்கே இருக்கும் என்று முடிவு செய்கின்றன.

கென்யிரில் வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி ஏரியை நிரப்பும். பிறகு வறண்ட மாதங்களில் நீர்மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். எங்கள் செயலவையில் முதலில் வந்த யோசனை "டிசம்பர் விடுமுறையில் கென்யிர்". எல்லாருக்கும் லீவு கிடைக்கும் மாதம் அது. ஆனால் கிழக்குக் கரை அடை மழையில் நனையும் மாதமும் அதுதான். எங்கள் செயலாளர் அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "டிசம்பர்னா வேற எடம். கென்யிர்னா வேற மாசம்." தேதியும் இடமும் தனித்தனி முடிவு கிடையாது. நாங்கள் செப்டம்பர் பள்ளி விடுமுறைக்கு மாற்றினோம்.

தண்ணீர் எதுவரைக்கும் வரும்?

வறண்ட மாதத்தில் அணை ஏரிக்குப் போனால், காட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே மரமே இல்லாத செம்மண் பட்டை ஒன்று அகலமாகத் தெரியும். கூடாரம் போடுவதற்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்கும். இடத்துக்குச் சொந்தக்காரரும் அங்கேதான் முதலில் கூட்டிப் போவார். அங்கே ஏன் மரம் இல்லை என்று யோசியுங்கள். யாரும் வெட்டவில்லை. வருஷத்தில் சில மாதம் அது ஏரியின் அடித்தரை. அதனால் அங்கே மரம் பிழைக்காது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. கரை மிக மெதுவாகச் சரிகிறது, 20 மீட்டர் நடந்தால் 1 மீட்டர்தான் உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீர்மட்டம் அரை மீட்டர் ஏறினால் தண்ணீர் உங்களை நோக்கி 10 மீட்டர் நடந்து வந்துவிடும். ஒரு மீட்டர் ஏறினால் 20 மீட்டர். அதுவே 4 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் கரையில், அதே ஒரு மீட்டர் ஏற்றத்துக்குத் தண்ணீர் 4 மீட்டர்தான் வரும். ஆக, "தண்ணீரிலிருந்து எவ்வளவு தூரம்" என்ற கேள்வி பாதிக் கேள்விதான். "எவ்வளவு உயரம்" என்பதுதான் மீதி. தட்டையான கரை அழகு. ஆனால் தண்ணீர் அதிக தூரம் நடந்து வருவதும் அங்கேதான்.

உயரத்தை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனார்கள் பயன்படுத்தும் வழி போதும்: உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கரையிலும் மறு முனையைக் கூடாரம் போடும் இடத்திலும் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து இரண்டு பக்கமும் தரை எவ்வளவு கீழே என்று அளந்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் உயர வித்தியாசம் வந்துவிடும். சரிவு நீளமாக இருந்தால் படிப்படியாக நகர்ந்து அளந்து கூட்டிக்கொள்ளணும்.

நாங்கள் பார்த்த ஓர் இடத்தில், சொந்தக்காரர் "இங்கல்லாம் தண்ணி வராது தம்பி, பத்து வருஷமா பார்க்கிறேன்" என்றார். அக்கா பதில் பேசவில்லை. பக்கத்துப் புதரைக் காட்டி, "அந்தக் கெளையில பாரு" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். என் நெஞ்சு உயரத்துக்குக் கிளையில் காய்ந்த புல்லும், ஒரு மினரல் வாட்டர் பாட்டிலும், கிழிந்த பிளாஸ்டிக்கும் ஒரே வரிசையாகச் சிக்கியிருந்தன. காற்று குப்பையை அப்படி ஒரே மட்டத்தில் கட்டி வைக்காது. தண்ணீர்தான் வைக்கும். அந்த வரிசைதான் அந்த இடத்தின் உண்மையான கரை. நாங்கள் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம். நீங்களும் எங்கே போனாலும் இதைத் தேடுங்கள்: மரத்தில் சேற்றுக் கோடு, கிளையில் சிக்கிய குப்பை, ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்த புல்.

ஏரிக்குள் ஓடை வந்து சேரும் வாயும் ஆபத்தான இடம். சலசலவென்று சத்தம், குளிர்ந்த தண்ணீர், சிறுவர்கள் குளிக்க வசதி. நாம் கெப்பாலா ஆயர் என்று சொல்லும் திடீர் நீர்ப்பெருக்கு வருவதும் இந்த வழியாகத்தான். 2021 ஆகஸ்டில் கெடாவின் குனோங் ஜெராய் அடிவாரத்தில் நடந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மலை மேலே பெய்த மழை, கீழே குளித்துக்கொண்டிருந்தவர்களையும் வீடுகளையும் அடித்தது. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் அதிகமாக மிதந்து வந்தால், சத்தம் மாறினால், சாமானை எடுக்கப் போகாமல் மேலே ஏறணும். ஓடையின் பள்ளத்துக்குள் கூடாரமே போடக்கூடாது, எவ்வளவு காய்ந்திருந்தாலும் சரி.

முதுகுப் பக்கத்தையும் பாருங்கள்

ஏரிக்கரைக்குப் போனால் எல்லார் கண்ணும் தண்ணீரைத்தான் பார்க்கும். நான் மலைப் பக்கமும் திரும்பிப் பார்க்கச் சொல்கிறேன். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங்காலியில் நடந்த நிலச்சரிவில் முகாமில் தூங்கிக்கொண்டிருந்த 31 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். மண் சரிந்தது அவர்களுக்கு மேலே இருந்த சரிவிலிருந்து. அதற்கு முந்தைய நாட்களில் பெய்த மழை மண்ணுக்குள் இறங்கியிருந்தது. மண் துகள்களுக்கு நடுவே தண்ணீர் நிறைந்து அழுத்தம் ஏறினால், துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பலம் குறையும். மண் இயக்கவியல் வகுப்பில் இதை ஒரு சூத்திரமாகப் படித்தேன். அந்தச் செய்திக்குப் பிறகு அதை வெறும் சூத்திரமாகப் பார்க்க முடியவில்லை.

முகாமுக்கு மேலே வெட்டிய சரிவு இருக்கிறதா, சாலை போகிறதா, மண்ணில் வளைவாக வெடிப்பு தெரிகிறதா, மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா, சரிவிலிருந்து புதிதாகத் தண்ணீர் கசிகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் வேறு இடம் பார்க்கலாம். அந்த இடத்துக்கு முகாம் நடத்த உள்ளூராட்சி மன்ற உரிமம் இருக்கிறதா என்றும் நேராகக் கேளுங்கள். பத்தாங்காலி இடத்துக்கு முகாம் நடத்தும் உரிமம் இல்லை என்று அப்போது அதிகாரிகள் சொன்னார்கள். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. பெற்றோர் நம்மை நம்பித்தான் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். உரிமம் இருப்பவர் உடனே எடுத்துக் காட்டுவார்.

மரத்தைப் பற்றி வேனில் வரும் அந்தப் பாட்டியே எனக்குப் பாடம் எடுத்தார். தோட்டத்தில் பால் வெட்டியவர். "ரப்பர் மரத்தடியில கூடாரம் போடாதய்யா, காத்தடிச்சா சொல்லாம முறியும்" என்றார். ரப்பர் மரம் காற்றுக்கு எளிதில் முறியும் என்பது உண்மைதான். பட்டுப்போன மரமும், தலைக்கு மேலே தொங்கும் காய்ந்த கிளையும் அதே மாதிரி. கென்யிரில் தண்ணீருக்குள்ளேயே பழைய காட்டு மரங்கள் மொட்டையாக நிற்கும். படம் எடுக்க நன்றாக இருக்கும், அதன் கீழே படகைக் கட்ட வேண்டாம். இடி மின்னலுக்குத் தனியாக நிற்கும் உயரமான மரமும் வெட்டவெளிக் கரையும் இரண்டுமே ஆகாது. இரும்பு உடம்புள்ள வேன் கூடாரத்தைவிடப் பாதுகாப்பு. அதனால் இடி நேரத்தில் சிறுவர்கள் எந்த வேனுக்குள் போவார்கள் என்று முன்கூட்டியே பிரித்து வைத்தோம்.

வேனுக்கு வேண்டிய தரை

கூடாரத்துக்குக் கொஞ்சம் மென்மையான, தண்ணீர் வடியும் புல்தரை நல்லது. வேனுக்கு அதே புல்தரைதான் எதிரி. சாமானோடு சேர்த்து மூன்று டன் வரை வரும் வண்டி, நாலே டயரில் நிற்கிறது. மழை பெய்த மறுநாள் காலையில் டயர் புதைந்தால் இழுக்க லோரி தேடணும். காலணிக் குதிகாலை முழுப் பாரத்தோடு தரையில் அழுத்திப் பாருங்கள். ஆழமாகப் பதிந்தால் அங்கே வேன் வேண்டாம். பழைய டயர் பள்ளங்கள் தெரிந்தால் ஏற்கெனவே யாரோ அங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சரளைக் கல் போட்ட இடம், சாலைக்குப் பக்கம், முகப்பு வெளியே பார்த்த மாதிரி நிறுத்தணும். ராத்திரியில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் ரிவர்ஸ் எடுத்துத் திரும்பிக்கொண்டிருக்க முடியாது.

வரும் வழியையும் வேன் கண்ணால் பாருங்கள். பெரிய மோட்டார் ஹோம் மூன்று மீட்டர் உயரம் வரும். தாழ்ந்த கிளை, குறுகிய வளைவு, எடை வரம்பு எழுதிய சின்னப் பாலம் எல்லாம் காரில் போகும்போது கண்ணில் படாது. கென்யிரில் வண்டி போகக்கூடிய இடம் பெங்காலான் காவி படகுத்துறைப் பக்கம். லாசிர் அருவி மாதிரி இடங்களுக்குப் படகில்தான் போக முடியும். ஆகவே வேன் இருக்கும் குழு, படகில் போய்த் தங்கும் கரையைத் தேர்வு செய்தால், குழு இரண்டாகப் பிரிந்துவிடும்.

மின்சாரம் இன்னொரு கணக்கு. ஒரு 13 ஆம்பியர் பிளக், 240 வோல்ட், பெருக்கினால் சுமார் 3,000 வாட். இரண்டு வேனின் ஏர்கோன் தலா 1,000 வாட், அதோடு 2,000 வாட் கெட்டில் ஒன்று. ஒரே பிளக்கில் எக்ஸ்டென்ஷன் போட்டு இதையெல்லாம் இழுத்தால் 4,000 வாட். தாங்காது. சுருட்டி வைத்த வயர் இன்னும் சீக்கிரம் சூடாகும், முழுசாகப் பிரித்துத்தான் போடணும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நடக்கும் இடம் என்பதால், மின்பெட்டியில் இ.எல்.சி.பி. இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் துண்டிக்கப்படுகிறதா என்று சொந்தக்காரர் முன்னாலேயே அழுத்திப் பாருங்கள். ஜெனரேட்டர் வைத்தால் அதன் புகை கூடாரப் பக்கம் போகக்கூடாது. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. மழை என்று கேஸ் அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோவதும் அதே ஆபத்துதான்.

வழியும் மருத்துவமனையும்

கென்யிர் என்றால் பக்கத்து மருத்துவமனை குவாலா பெராங்கில். தெமெங்கோர் என்றால் கெரிக்கில். முகாமிடத்தில் நின்று ஒவ்வொரு நிறுவனத்தின் போன் லைனும் எத்தனை கோடு காட்டுகிறது என்று பாருங்கள். லைன் இல்லையென்றால் எந்த இடத்துக்குப் போனால் 999 அழைக்கலாம் என்பதைக் குறித்து வையுங்கள்.

தெமெங்கோருக்குப் போகிறவர்கள் கெரிக்–ஜெலி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையை இருட்டுவதற்கு முன் கடந்துவிடுங்கள். யானைகள் சாலையில் நடக்கும் இடம் அது. 2025 ஜூனில் அதே சாலையில், பண்டிங் ஏரிக்குப் பக்கத்தில், நள்ளிரவுக்குப் பிறகு நடந்த பேருந்து விபத்தில் நம் வயதுப் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் போய்விட்டார்கள். இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ராத்திரியில் கிளம்பும் வழக்கத்தை எங்கள் கிளை நிறுத்திவிட்டது. சனி அதிகாலையில் கிளம்புகிறோம், ஒரு ராத்திரி குறைந்தாலும் பரவாயில்லை.

பகலுக்கு ஒரு இடம், ராத்திரிக்கு ஒரு இடம்

கடைசியில் நாங்கள் தேர்வு செய்த இடத்தில், கூடாரம் போடும் மேடு ஏரியிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் தள்ளி, ஓர் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு உயரத்தில் இருக்கிறது. வேன்கள் அதற்குப் பக்கத்திலேயே சரளைக் கல் தரையில். செயலவைக் கூட்டத்தில் படத்தைக் காட்டினேன். ஒரு தம்பிக்கு முகமே தொங்கிவிட்டது. "அண்ணே, இவ்ளோ தூரம் போயி தண்ணியப் பார்க்காம படுக்கிறதாண்ணே?"

அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஏரிக்குப் போவதே ஏரிக்காகத்தான். அதனால் இரண்டையும் பிரித்தோம். விடிந்ததிலிருந்து மாலை வரை கரையில்தான் இருப்போம்: விளையாட்டு, சாப்பாடு, பேச்சு எல்லாம் அங்கே. இருட்டுவதற்கு முன் தலை எண்ணி, எல்லாரும் மேட்டுக்கு. தூங்கும்போது தண்ணீரைப் பார்க்க முடியாது, அப்போது கண் மூடித்தானே இருக்கும் என்றேன். அவன் சிரிக்கவில்லை. ஆனால் ஒப்புக்கொண்டான்.

கழிவறை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். குழி ஏரியிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே வராத மாதிரி இருக்கணும். வேனின் கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வது என்றும் கேளுங்கள். நம் நாட்டில் பல முகாமிடங்களில் அதற்கு வசதி இல்லை. இல்லையென்றால் வேனின் கழிவறையைப் பயன்படுத்தாமல் பூட்டி வையுங்கள், ஏரியில் கொட்டாதீர்கள். சாப்பாட்டுக் குப்பை இருந்தால் எலி வரும், எலி வந்தால் எலிக்காய்ச்சல் பின்னாலேயே வரும். 2010-ல் பகாங் லுபோக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களுக்கு எலிக்காய்ச்சலும் மெலியாய்டோசிஸும் தொற்றி எட்டுப் பேர் இறந்தார்கள். காலில் புண் இருக்கிறவர்கள் தேங்கிய தண்ணீரிலும் சேற்றிலும் இறங்க வேண்டாம். முகாம் முடிந்து வந்த பிறகு காய்ச்சல் கண்டால், ஏரிக்குப் போய் வந்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எங்கள் இடத்தைப் பற்றிப் பாட்டிக்கு விளக்கமாகச் சொன்னேன்: உயரம், சரிவு, மரம், மின்சாரம் எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரிய்யா, கக்கூஸ் எவ்ளோ தூரம்?" என்றார். வேன் நிற்கும் இடத்திலிருந்து நான் எண்ணியது 64 அடி. நடுவில் இரண்டு படிக்கட்டு, பிடித்து நடக்கக் கம்பி இல்லை. சொந்தக்காரரிடம் சொல்லியிருக்கிறோம். கம்பி போட்டாரா என்று அடுத்த வாரம் போய்ப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் முன்பணம் கட்டப் போகிறோம்.